தெருமுனையில் 11 குடும்பங்கள்: குடியிருப்போர் சங்கத்தால் என்ன செய்ய முடியும்?

எழும்பூர் பக்கமிருந்து ஒரு குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் கேட்டிருக்கிறார்: "எங்கள் தெருமுனையில் 11 குடும்பங்கள் பல வருடங்களாகப் பிளாட்பாரத்திலேயே வாழ்கின்றன. ஒரு தொண்டு நிறுவனம் எங்களிடம் வந்து, 'வாடகைக்கு வீடு பார்த்துக் குடிவைப்போம், அப்புறம் இரண்டு வருடம் கூடவே நிற்போம், நீங்களும் பங்கெடுங்கள்' என்கிறது. மாநகராட்சிக் காப்பகம் இருக்கும்போது இது எதற்கு? குடிசை மாற்று வாரியத்தின் அடுக்குமாடியில், போர்டு வீடு என்பார்களே, அது கிடைத்த இரண்டு குடும்பங்கள் அதை விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டன. எங்களைப் போன்ற சங்கம் உண்மையில் என்ன செய்ய முடியும்?"

வடசென்னையில் பிளாட்பாரக் குடும்பங்களோடு 18 வருடமாக வேலை செய்கிறேன். காப்பகம் ஏன் உதவவில்லை, போர்டு வீடு ஏன் நிலைக்கவில்லை, நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்று மூன்று கேள்வி இதில் இருக்கிறது. காப்பகத்திலிருந்தே தொடங்குகிறேன்.

"காப்பகம் இருக்கிறதே, ஏன் போகமாட்டேன் என்கிறார்கள்?" என்று என்னிடம் கேட்காத ஆளே இல்லை. சென்னையில் காப்பகங்களுக்கு மாநகராட்சி இடம் கொடுக்கிறது, தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, முதியவர்களுக்குத் தனி, மனநலம் பாதித்தவர்களுக்குத் தனி. அரசு மருத்துவமனை வளாகங்களில் நோயாளியோடு வந்து தங்குபவர்களுக்கென்றும் இருக்கின்றன. வெளியூரிலிருந்து வந்து கைவிடப்பட்ட தனி ஆளுக்கு இது உயிர் காக்கும் இடம், அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் தெருமுனையில் இருப்பது தனி ஆள் இல்லையே. அங்கே போனால் அப்பா ஒரு காப்பகம், அம்மாவும் கைக்குழந்தையும் இன்னொரு காப்பகம், 14 வயதுப் பையன் ஏதோ ஒரு ஹோம் என்று ஒரே ராத்திரியில் குடும்பம் மூன்று துண்டாகிவிடும். சட்டி பானை, அடுப்பு, டிரங்குப் பெட்டி, மீன்பாடி வண்டி எல்லாவற்றையும் எங்கே வைப்பது? பிளாட்பாரத்தில் இடத்தை ஒரு வாரம் காலியாக விட்டால் போனதுதான். வேறொரு குடும்பம் வந்துவிடும், இல்லாவிட்டால் எதிர்க்கடைக்காரர் பூந்தொட்டி வைத்துவிடுவார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விதிமுறையில் குடும்பங்களை யாரும் மறக்கவில்லை. 2009 டிசம்பரில் டெல்லியில், கடும் குளிரில், ஒரு தற்காலிகக் காப்பகத்தை அங்குள்ள மாநகராட்சியே இடித்தது. அது உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2001இலிருந்து நடந்துகொண்டிருந்த உணவு உரிமை வழக்கோடு சேர்ந்தது. 2010இல் வந்த உத்தரவுகளுக்குப் பிறகுதான் நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு 100 பேர் தங்கும் அளவுக்கு 24 மணி நேரக் காப்பகம் வேண்டும் என்ற கணக்கு நாடு முழுக்க வந்தது. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதைத் திட்டமாக்கியது. ஒரு ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி என்று அதில் இருக்கிறது. குடும்பங்களுக்கென்று தனி வகைக் காப்பகம், மறைவுக்கு ஏற்ற வடிவமைப்போடு, என்றும் இருக்கிறது. காகிதத்தில் இருப்பது கட்டடமாவது அபூர்வம். ஆண்கள் கூடத்துக்குப் பாய் போட்டால் போதும். குடும்பக் காப்பகத்துக்குத் தடுப்பு, தனிச் சமையலிடம், பிள்ளைகள் படிக்க இடம் எல்லாம் வேண்டும். ஒரே இடத்தில் 50 பேரைக் கணக்குக் காட்டுவதற்கு ஆண்கள் கூடம்தான் சுலபம்.

எத்தனை பேர் என்று கேட்பீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28 அன்று ராத்திரி ஊழியர்கள் தெருத்தெருவாகப் போய் எண்ணினார்கள். நாடு முழுக்க 17.7 லட்சம் பேர். தமிழ்நாட்டில் 50,929 பேர், அதில் நகரங்களில் மட்டும் 37,117. ஒரே ராத்திரியில், டார்ச் வெளிச்சத்தில் எண்ணியது இது. அன்றைக்குக் கோயில் திருவிழாவுக்குப் பொம்மை விற்கப் போயிருந்த குடும்பமோ, கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போயிருந்த பெண்ணோ இதில் வந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே இந்த எண்களைக் கீழ்வரம்பாகத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

சரி, இவர்கள் ஏன் அந்தப் பிளாட்பாரத்தை விட்டு நகரமாட்டேன் என்கிறார்கள்? 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்பார்களே, உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. வேலை கிடைக்கும் இடத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் படுக்க இடம் வேண்டும் என்பதால்தான் மனிதர்கள் நடைபாதையில் வாழ்கிறார்கள். அங்கிருந்து எடுத்தால் பிழைப்பையும் சேர்த்தே எடுத்ததாகும் என்றது நீதிமன்றம். வாழும் உரிமைக்குள் பிழைப்பு உரிமையும் அடக்கம் என்று சொன்ன வழக்கு அது. உரிய நோட்டீஸ் கொடுத்து அப்புறப்படுத்தலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அந்தப் பாதியை மட்டும் அதிகாரிகள் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

உங்கள் தெருமுனைப் பெண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த குடும்பங்களில் நாள் தொடங்குவது விடிவதற்கு வெகுநேரம் முன்பே. வேலைக்காக இல்லை, ஆள் நடமாட்டம் வருவதற்குள் பெண்கள் கழிப்பறை வேலையை முடித்துவிட வேண்டும். கட்டணக் கழிப்பறை திறப்பதற்கு அப்புறமென்றால் காசு, கூட்டம். பிறகு பாரிமுனை பூக்கடைக்குப் போய் உதிரிப்பூ வாங்கி வந்து, விடிவதற்குள் கட்டி, ஏழு மணிக்குக் கோயில் வாசலில் உட்கார வேண்டும். மழை வந்தால் மேலே போட அரசியல் மாநாட்டு பேனர், கல்யாண பேனர். ஏதோ ஒரு மாப்பிள்ளை பெண் சிரித்துக்கொண்டிருக்கும் பேனருக்குக் கீழேதான் பிள்ளை ஹோம்வொர்க் செய்யும். ராத்திரி வயசுப்பெண்ணை நடுவில் படுக்கவைத்து, அம்மாவும் பாட்டியும் முறை வைத்து விழித்திருப்பார்கள். 2019இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் தெருவோரச் சிறார்களுக்கான கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்ற அணியில் சென்னைத் தெருவில் வளர்ந்த பிள்ளைகளும் இருந்தார்கள். ஊரே கொண்டாடியது. அவர்கள் வளர்ந்தது இப்படிப்பட்ட பிளாட்பாரங்களில்தான்.

இனி, திரும்பி வந்த உங்கள் இரண்டு குடும்பங்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வராது, ஏனென்றால் நானே ஒரு முறை அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒன்பது குடும்பங்களுக்கு நகரத்தின் தென்கோடியில் அடுக்குமாடி வீடு வாங்கிக் கொடுத்தோம். ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வந்த அன்று பாயசம் வைத்தோம், போட்டோ எடுத்தோம். லாரியில் சாமான் ஏற்றி அனுப்பினோம். நான்கு மாதம் கழித்து ஒரு விடியற்காலை பழைய பிளாட்பாரம் வழியாகப் போனால், அதில் ஆறு குடும்பங்கள் அங்கேயே படுத்திருக்கின்றன. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு அம்மாவைத் திட்டவே திட்டிவிட்டேன். அவர் பதிலுக்குச் சண்டை போடவில்லை. கணக்குச் சொன்னார். "பூ எடுக்க மூணு மணிக்கு மார்க்கெட்ல நிக்கணும் சார். அங்கேருந்து மொத பஸ் எத்தனை மணிக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்த்ததுமில்லை. ராத்திரியே கிளம்பி வந்து பிளாட்பாரத்தில் படுத்து, பூ எடுத்து, விற்று, மதியம் போகலாம் என்று ஒரு வாரம் செய்திருக்கிறார். பிள்ளைகளைப் புது இடத்தில் யாரிடம் விடுவது? பிள்ளைகளும் கூட வந்தன. பள்ளிக்கூடமும் பழைய இடத்திலேயே இருந்தது. அப்புறம் வீட்டுக்குப் போவது ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றாகி, பிறகு அதுவும் நின்றுவிட்டது. வீட்டை விற்றுவிட்டார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அந்த அம்மாவின் வீடு பூட்டித்தான் கிடந்தது, மெயின்டனன்ஸ் பாக்கியோடு.

குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியபோது இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுப்பதைத்தான் பெரிதாகச் செய்தது. நகரத்துக்குள் நிற்கும் பழைய போர்டு வீடுகள் அப்படி வந்தவை. நிலத்தின் விலை ஏற ஏற, 2000 வாக்கில் கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, அதற்கும் அப்புறம் பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடங்கள் என்று வீடுகள் தெற்கே தள்ளிக்கொண்டே போயின. பாரிமுனையிலிருந்து பெரும்பாக்கம் 25 கிலோமீட்டருக்கு மேல். 2021இல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். அதே வருடம் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று வந்தது. உண்மையிலேயே பெரிய மாற்றம், நிறையப் பேருக்கு அந்தத் தூரம் சமாளிக்கக்கூடியதானது. ஆனால் மூன்று மணி மார்க்கெட்டுக்கு அது உதவாது. இதற்காகப் போர்டு வீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டு வேலை, செக்யூரிட்டி வேலை கிடைத்த குடும்பங்கள் அங்கே நன்றாகவே காலூன்றியிருக்கின்றன. எந்தக் குடும்பத்துக்கு எந்த இடம் என்று கேட்காமல் லாரியில் ஏற்றுவதுதான் தப்பு.

இங்கேதான் அந்தத் தொண்டு நிறுவனம் சொல்லும் யோசனை வருகிறது. வெளிநாட்டில் இது 'ஆதரவுடன் கூடிய வீடு'. முதலில் வீடு, அப்புறம் அந்த வீட்டில் நிலைத்திருக்கத் தேவையான துணை. குடியை விட்டால்தான் வீடு, வேலை கிடைத்தால்தான் வீடு என்றெல்லாம் முன்நிபந்தனை கிடையாது. 1990களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் மனநோயோடு தெருவில் இருந்த தனி ஆட்களுக்காக இந்த முறை பேர்பெற்றது. நம் ஊரிலும் இதற்கு உறவான ஒன்று இருக்கிறது. சென்னையில் 1993இல் தொடங்கிய பான்யன் அமைப்பு, 2015 முதல், மனநல விடுதிகளில் வருடக்கணக்காகக் கிடந்த பெண்களை நான்கைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீட்டில் குடிவைக்கிறது. கூடவே ஒரு உதவியாளர். அக்கம்பக்கத்தார் கோலம் போடுவதைப் பார்த்து இவர்களும் போடுகிறார்கள், கடைக்குப் போகிறார்கள். பெரிய விடுதிக்கும் தெருவுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வழி உண்டு என்று இங்கேயே காட்டிய வேலை அது.

குடும்பங்கள் விஷயத்தில் எனக்குக் கண் திறந்தது அமெரிக்க வீட்டுவசதித் துறை நடத்திய ஒரு பெரிய ஆய்வு. 12 ஊர்களில், காப்பகங்களில் இருந்த 2,282 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நீண்டகால வாடகை உதவி மட்டும். இன்னொன்றுக்குச் சில மாத வாடகை உதவி. மூன்றாவதுக்கு ஆலோசனை, பயிற்சி எல்லாம் சேர்ந்த இடைக்கால விடுதி. நான்காவதுக்குத் தனி உதவி எதுவும் இல்லை, வழக்கமான காப்பக வழிதான். மூன்று வருடம் தொடர்ந்து பார்த்து 2016இல் முடிவு சொன்னார்கள். சேவை நிறைந்த விடுதி ஜெயிக்கும் என்று எதிர்பார்த்தவர்களில் நானும் ஒருவன். ஜெயித்தது வெறும் வாடகை உதவி. அந்தக் குடும்பங்கள் மறுபடி வீடிழப்பது பாதிக்கும் கீழே குறைந்தது. பிள்ளைகள் பெற்றோரைப் பிரிவதும், பெண்கள் வீட்டுக்குள் அடி வாங்குவதும்கூடக் குறைந்தன. மூன்று வருடச் செலவோ வழக்கமான வழியைவிடச் சுமார் 9 சதவீதம்தான் கூடுதல், ஏனென்றால் காப்பகமே அங்கே அவ்வளவு செலவு பிடிக்கிறது. (வாடகை உதவி கிடைத்தவர்கள் ஆரம்பத்தில் கொஞ்சம் குறைவாக வேலை செய்தார்கள் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. மறைக்க வேண்டியதில்லை.)

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: பெரும்பாலான குடும்பங்களுக்குத் திருத்தம் தேவையில்லை, வாடகைக்கும் வருமானத்துக்கும் நடுவிலுள்ள பள்ளம் அடைபட்டால் போதும். கனமான துணை தேவைப்படுவது சில குடும்பங்களுக்கு மட்டும். உங்கள் 11இல் அப்படி மூன்று இருக்கலாம். எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்து, எல்லோருக்கும் 'கவுன்சலிங்' வைத்தால் பணமும் போகும், மானமும் போகும்.

ஆனால் அமெரிக்காவில் வாடகை உதவிக்கு அரசுச் சீட்டு இருக்கிறது, அதாவது வாடகையில் ஒரு பங்கை அரசே கட்டும் ஏற்பாடு. நமக்கு அது இல்லை. அதனால்தான் இங்கே நாலு பேர் கூட வேண்டியிருக்கிறது. நடைமுறையில் எப்படிப் போகும் என்று சொல்கிறேன்.

முதல் தடை காகிதம். முகவரி இல்லை என்றால் ரேஷன் கார்டு இல்லை. ரேஷன் கார்டு இல்லை என்றால் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் இல்லை, காப்பீட்டு அட்டை எடுப்பதும் பெரும்பாடு. சில குடும்பங்களிடம் பிளாட்பாரத்தையே முகவரியாகப் போட்ட பழைய அட்டை இருக்கும். எதுவுமே இல்லாதவர்களுக்கு வாக்காளர் அட்டையிலிருந்து தொடங்குவது நல்லது. வீடில்லாதவர்களுக்கு முகவரிச் சான்று தேவையில்லை என்று தேர்தல் ஆணைய விதியே சொல்கிறது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட ராத்திரிகளில் வந்து, அந்த ஆள் அங்கேதான் தூங்குகிறார் என்று பார்த்தால் போதும். விதி இருக்கிறது, அலுவலர் ராத்திரியில் வர வேண்டுமே. உங்கள் சங்கத் தலைவர் போன் செய்தால் வருவார், நான் செய்தால் மூன்றாவது வாரம் வருவார். ஆதாருக்கு வார்டு கவுன்சிலர் தரும் சான்றிதழ் செல்லும். அதுவும் நீங்கள் கேட்டால் சீக்கிரம் நடக்கிற வேலை.

அடுத்தது வீட்டுக்காரர். "எத்தனை பேர்? எங்கே வேலை? இதுக்கு முன்னாடி எங்கே இருந்தீங்க?" மூன்றாவது கேள்வியில் கதவு மூடிவிடும். பெயரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, சாதியை மோப்பம் பிடிப்பதும் உண்டு. சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். அதனால் நாங்கள் செய்வது, குடும்பம் போவதற்கு முன் நாங்கள் போவது. வாடகை தவறினால் முதல் மூன்று மாதத்துக்கு நாங்கள் பொறுப்பு, பிரச்சினை என்றால் இந்த நம்பருக்கு எந்நேரமும் கூப்பிடுங்கள் என்று எழுதிக் கொடுப்பது. அட்வான்ஸ் வேறு. 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, தனியாக ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. கேட்கிறார்கள். சட்டப் புத்தகத்தைக் காட்டி வீடு பிடித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை, பேசித்தான் குறைக்க வேண்டும். ஒரு அறை, சமையல் மூலை, பொதுக் கழிப்பறை உள்ள வீடு 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், அட்வான்ஸ் 30,000. அந்த 30,000ஐ ஒரு குடும்பம் ஒருபோதும் சேர்க்க முடியாது, ஏனென்றால் கையில் தங்குவது எல்லாம் தண்டலுக்கு, அதாவது தினம் தினம் திருப்பிக் கட்டும் வட்டிக் கடனுக்கு, போகிறது. பத்தாயிரம் கடன் என்றால் கையில் ஒன்பதாயிரமோ அதற்கும் குறைவோ வரும், நூறு நாளைக்குத் தினம் நூறு ரூபாய் கட்ட வேண்டும். ஒரு நாள் மழை பெய்து பூ விற்காவிட்டால், இந்தத் தண்டலைக் கட்ட அடுத்த தண்டல். மாத வாடகை 6,000 கட்டும் சக்தி அவர்களுக்கு இருக்கலாம், தண்டலுக்கு மாதம் 3,000 போகாமல் இருந்தால். ஆகவே வீடு பார்ப்பதற்கு முன் கடன் கணக்கை உட்கார்ந்து எழுதி, முடிந்ததை அடைத்து, வட்டி குறைந்த மகளிர் குழுக் கடனுக்கு மாற்ற வேண்டும். நிறையப் பேர் இதைத் தவறவிடுகிறார்கள். வீடு கிடைத்த மாதமே தண்டல்காரர் புது முகவரிக்கு வந்து நிற்பார்.

எங்கே வீடு என்பது அவர்கள் முடிவாக இருக்கட்டும். எழும்பூரில் கிடைக்காது, வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ கிடைக்கும். பழைய பள்ளிக்கூடத்துக்கு ஒரே பஸ்ஸில் போக முடிந்தால் பள்ளியை மாற்றாதீர்கள், வருட நடுவிலாவது மாற்றாதீர்கள். ஒரே பிளாட்பாரத்துக் குடும்பங்களில் இரண்டு மூன்றை நடந்துபோகும் தூரத்துக்குள் குடிவைத்தால் நல்லது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, உடம்பு சரியில்லாதபோது கஞ்சி வைத்துக் கொடுக்க அவர்களுக்கு இருந்த ஒரே சொத்து பக்கத்துப் பாய்க்காரர்தான். மொத்தமாக 11 குடும்பத்தையும் ஒரே காம்பவுண்டில் போட்டுவிட்டால் ஊர் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடும். அதையும் பார்த்திருக்கிறேன்.

குடியேறிய பிறகு முதல் மூன்று மாதம்தான் ஆபத்தானது. போன வருடத்துக்கு முந்தின வருடம் ஒரு குடும்பத்தைக் கொடுங்கையூர்ப் பக்கம் குடிவைத்தோம். பாட்டி, மகள், இரண்டு பேத்திகள். முதல் வாரம் போய்ப் பார்த்தேன். அறையில் ஃபேன் ஓடுகிறது, அடியில் யாரும் இல்லை. நான்கு பேரும் கதவோரத்தில் நெருக்கிக்கொண்டு படுத்திருந்த பாய் அப்படியே கிடந்தது. பாட்டி இன்னும் ராத்திரி முறைக் காவலை விடவில்லை. "பூட்டு வெளியிலேருந்தும் தொறக்குமா?" என்று இரண்டு முறை கேட்டார். வீட்டுக்காரரிடம் இன்னொரு சாவி இருக்கிறதா என்பதுதான் அவர் சந்தேகம், நியாயமான சந்தேகம். அன்றைக்கே ஐம்பது ரூபாய்க்கு உள்தாழ்ப்பாள் ஒன்று வாங்கி, பக்கத்துப் பட்டறைப் பையனை விட்டு அடிக்கச் சொன்னோம். அடுத்த வாரம் பாய் ஃபேனுக்கு அடியில் வந்திருந்தது. பெரிய பேத்தி மட்டும் கரண்ட் பில்லுக்குப் பயந்து லைட்டைப் போடாமல் தெருவிளக்கு விழும் ஜன்னலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். 100 யூனிட் இலவசம் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

'துணை நிற்பது' என்பது இதுதான். வாரம் ஒரு முறை போய், தண்ணி வருகிறதா, வாடகை கொடுத்தாயிற்றா, பையன் பள்ளிக்குப் போகிறானா என்று பார்க்கிற ஒரு ஆள். ஒரு ஆளுக்கு 12லிருந்து 15 குடும்பத்துக்கு மேல் முடியாது, இது என் அனுபவம். அவருக்குச் சம்பளம் வேண்டும். இங்கேதான் நன்கொடையாளர்களோடு எனக்குத் தீராத வழக்கு. கம்பெனிகள் சமூகப் பொறுப்பு நிதியில் கட்டடம் கேட்டால் தருவார்கள், கழிப்பறைக்கு டைல்ஸ் கேட்டால் தருவார்கள், பெயர்ப்பலகை வைக்கலாம் அல்லவா. ஒரு களப்பணியாளரின் இரண்டு வருடச் சம்பளம் என்றால் "அது நிர்வாகச் செலவாச்சே" என்று முகம் சுளிப்பார்கள். அந்த ஆள் இல்லாத வீடுகள்தான் நான்கு மாதத்தில் காலியாகின்றன.

குடி உள்ள வீடு, அடிதடி உள்ள வீடு, மனநலம் கெட்ட தாய் உள்ள வீடு என்று அந்த இரண்டு மூன்று குடும்பங்களுக்குக் களப்பணியாளர் மட்டும் போதாது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு, குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான 181 எண், தேவைப்பட்டால் காவல் நிலையம் என்று எல்லோரையும் முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும். இது தொண்டு நிறுவனத்தின் வேலை. நீங்கள் இதில் இறங்காதீர்கள். நல்ல எண்ணத்தோடு புருஷன் பெண்டாட்டிச் சண்டையில் போய் நின்று, மறுநாளே பகையாளியான சங்கங்கள் உண்டு.

அப்படியானால் உங்கள் வேலை என்ன? அட்வான்ஸுக்கு ஒரு சுழல் நிதி திரட்டலாம். தானமாகக் கொடுக்காதீர்கள். குடும்பம் வீட்டைக் காலி செய்யும்போது அது உங்களுக்குத் திரும்பி வந்து அடுத்த குடும்பத்துக்குப் போகும்படி, ஒப்பந்தத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும். உங்கள் உறுப்பினர்களிலேயே வாடகைக்கு விட இரண்டாவது வீடு வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். முதல் கதவு அங்கே திறந்தால், வெளி வீட்டுக்காரரிடம் பேசுவது பாதி சுலபம். வேலை தரலாம், ஆனால் வேலையை வீட்டோடு முடிச்சுப் போடாதீர்கள்: வேலையை விட்டால் வீடு போய்விடும் என்ற பயத்தில் ஒரு பெண் எதையும் பொறுத்துக்கொள்ளும் நிலை வரக் கூடாது. மாநகராட்சியிடம் குடும்பக் காப்பகம் கேட்டு மனு போடலாம். இடைக்காலத்தில் அது தேவைதான், வீடு தேடும் இரண்டு மூன்று மாதம் எங்கே இருப்பார்கள்? வார்டில் சும்மா பூட்டிக்கிடக்கும் மாநகராட்சிக் கட்டடம் எது என்று எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

பழைய துணி வேண்டாம். மூட்டை மூட்டையாக வருகிறது. பிளாட்பாரத்தில் வைக்க இடமில்லாமல் அவர்களே அதைக் கால்மிதிக்குக் கிழிக்கிறார்கள்.

அந்தத் தொண்டு நிறுவனத்திடம் கையெழுத்துப் போடுவதற்கு முன் சில விஷயம் கேளுங்கள். இதற்கு முன் குடிவைத்த குடும்பங்களில் ஒரு வருடம் கழித்தும் அதே வீட்டிலோ வேறு வீட்டிலோ இருப்பவர்கள் எத்தனை, திரும்பிப் போனவர்கள் எத்தனை? எல்லோரும் நிலைத்துவிட்டார்கள் என்றால் நம்பாதீர்கள். களப்பணியாளர் யார், அவர் சம்பளம் எத்தனை மாதத்துக்குக் கையில் இருக்கிறது? வாடகை உதவியை எப்போதிலிருந்து, எவ்வளவு படிப்படியாகக் குறைப்பார்கள்? எங்கள் வழக்கம், முதல் ஆறு மாதம் பாதி வாடகை, அடுத்த ஆறு மாதம் கால்வாசி, அப்புறம் தேவைப்பட்டால் மட்டும். இதைக் குடும்பத்திடமும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

ஒன்று விட்டுப்போயிற்று. இதுவரை நீங்கள், தொண்டு நிறுவனம், மாநகராட்சி, வீட்டுக்காரர் என்று பேசினேன். அந்த 11 குடும்பத்திடம் யாராவது பேசினீர்களா? பகலில் போகாதீர்கள், ஆண்கள் வேலையில் இருப்பார்கள், பெண்கள் வியாபாரத்தில் இருப்பார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குமேல், சாப்பாடு முடிந்த பிறகு போங்கள். சங்கத்திலிருந்து இரண்டு பேர் போதும், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். நோட்டு, கேமரா, படிவம் எதுவும் வேண்டாம். அதைக் கண்டாலே காலி செய்யச் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடுவார்கள். திரும்பி வந்த அந்த இரண்டு குடும்பங்களிடம் முதலில் உட்காருங்கள். அங்கே என்ன சரிப்படவில்லை என்று கேளுங்கள். பஸ், பள்ளிக்கூடம், தண்ணி, லிஃப்ட், பக்கத்து வீடு என்று ஒவ்வொன்றாக வரும். மற்ற ஒன்பது குடும்பத்துக்கும் எந்தப் பக்கம் வீடு பார்ப்பது என்பதில் பாதி அங்கேயே முடிவாகிவிடும்.